வரிக்கல்லுக்கு மூன்று வீடு

“தாயி, என்னை நெருக்கு வீட்ல சேத்துருங்க” என்றார் பூதலிங்கம்.

பேச்சி நிமிரவில்லை. முற்றத்தில் அம்மி கொத்திக்கொண்டிருந்தாள்.

டொக்.

“கல்லு?”

பூதலிங்கம் தோள்பைக்குள் கைவிட்டு ஒரு கல்லை எடுத்து நீட்டினார். உள்ளங்கை அளவு. மாப்பிள்ளை மாதிரி துடைத்துப் பளபளவென்று இருந்தது.

“நெருக்கு வீட்டுக் கல்லுதான் தாயி. பாத்தாலே தெரியும்.”

“மலை ஏறுகையில எடுத்ததா?”

“ஆமா.”

“எங்க?”

“அந்த… மூணாவது திருப்பத்துல.”

பேச்சி கல்லைத் திருப்பினாள். அடியில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பொட்டு. பொட்டுக்குள் கறுப்பு மையில் 47.

“நான் தினமும் அந்தத் திருப்பம் வழியாத்தான் தண்ணிக்குப் போறேன் வாத்தியாரே. மிச்சம் நாப்பத்தாறும் என் கண்ணுல படவே இல்லியே.”

பூதலிங்கத்தின் காது இரண்டும் பழுத்தன.

அவர் ஒரு கல்லூரியில் முப்பத்து மூன்று வருஷம் பாறைப் பாடம் நடத்தியவர். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடி அலமாரியில், ‘உருமாறிய பாறை’ என்ற சீட்டுக்கு மேலே, முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஓர் இடம் காலி.

மலைமேல் வீடுகள் மூன்று. தீ வீடு. தண்ணி வீடு. நெருக்கு வீடு.

தங்க வருகிறவர் யாரானாலும் ஏறும் வழியில் ஒரு கல்லைப் பொறுக்கி வர வேண்டும். பேச்சி அதைக் கையில் வாங்குவாள். ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். ‘தீ.’ இல்லாவிட்டால் ‘தண்ணி.’ இல்லாவிட்டால் ‘நெருக்கு.’

எந்த வார்த்தையோ அந்த வீடு. அந்த வாசலைத்தான் மிதிக்கலாம். மற்ற இரண்டு வாசலுக்கும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

பேச்சிக்கு வயது முப்பத்து மூன்று. மலைக்கு வருமுன் ஜல்லி உடைத்தவள். பூதலிங்கத்துக்கு ஐம்பத்தொன்பது. பெயர்தான் பேச்சியே தவிர நாளைக்கு ஐம்பது வார்த்தை பேசினாலே அவளுக்குத் தொண்டை கட்டிவிடும். அன்றைய ஐம்பதில் பாதி, நம்பர் போட்ட கல்லுக்கே போய்விட்டது.

நெருக்கு வீட்டில் உலகம்மாள் இருந்தாள்.

உலகம்மாள் பூதலிங்கத்தின் மனைவி. தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை “நான் மலைக்குப் போறேன்” என்றாள். “போக மாட்டா. அவ அந்த ரகம் இல்ல” என்று பூதலிங்கம் பக்கத்து வீட்டாரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கி முடிப்பதற்குள் அவள் பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது ஆவணி. அவள் வெளியே வந்து அவரோடு பேசலாம். தடையில்லை. காலையிலிருந்து அவர் வந்திருப்பது மலைக்கே தெரியும்.

அவள் வரவில்லை.

“போய் ஒரு கல்லு எடுத்துட்டு வாங்க” என்றாள் பேச்சி. “மலைக் கல்லு.”

டொக்.

*

மூன்றாவது திருப்பத்தில் பூதலிங்கம் குந்தினார். நியாயமாக ஒரு கல். ஆனால் நெருக்கு வீட்டுக் கல்லாகவே ஒரு கல். அவருக்குத் தெரியாததா?

தொண்டையைச் செருமினார். வகுப்புக் குரல் தானாக வந்தது.

“மாணவச் செல்வங்களே! பாறைகள் மூவகைப்படும். பூமிக்குள் கொதிக்கும் குழம்பு ஆறி இறுகினால் அது தீப்பாறை. மண்ணும் மணலும் சிப்பியும் தண்ணீருக்கடியில் அடுக்கடுக்காகப் படிந்து கெட்டிப்பட்டால் அது படிவுப் பாறை. ஏற்கெனவே இருக்கிற பாறை, சூட்டிலும் நெருக்குதலிலும் மாட்டிக்கொண்டு, உருகாமலே வேறொன்றாகிவிட்டால் அது உருமாறிய பாறை. எழுதிக்கொள்ளுங்கள். பின் பெஞ்சு, பேச்சு வேண்டாம். பத்து மதிப்பெண்.”

எதிரே ஒரு வெள்ளாடு நின்றது. அது எழுதிக்கொள்ளவில்லை.

காலடியில் ஒரு கல் கிடந்தது. கறுப்பு வரி, வெள்ளை வரி, நடுநடுவே சிவப்பு மணிகள். வரிக்கல். அந்த மலையில் யார் காலில் எது இடறினாலும் அதுதான்.

“உருமாறினது. சந்தேகமே இல்ல” என்றார் ஆட்டிடம்.

ஆடு போய்விட்டது.

*

“இந்தாங்க தாயி. நெருக்கு.”

பேச்சி வாங்கினாள். கையில் வைத்துக் கனம் பார்த்தாள். அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

வார்த்தை வரவில்லை.

“நெருக்குதானே தாயி?”

டொக்.

“மூணு வீட்டு வாசல்லயும் நின்னு காட்டிட்டு வாங்க. ‘எங்க கல்லு இல்ல’ன்னு எந்த வீட்ல சொல்லுதாங்களோ, அந்த வீட்டக் கழிச்சிருங்க.”

பூதலிங்கத்துக்கு இந்த வழி பிடித்தது. இரண்டைக் கழித்தால் ஒன்று மிஞ்சும். ஐந்து நிமிஷ வேலை.

*

தீ வீட்டு வாசலில் அவர் நிற்பதற்குள் உள்ளேயிருந்து மாசாணம் பாய்ந்து வந்தார். முன்னாள் டெம்போ டிரைவர். அவர் பேச்சுக்கு பிரேக் கிடையாது.

“யாருவே அது வாசல்ல என்ன கையில கல்லா காட்டும்வே ஏ இது நம்ம கல்லுல்லா எவன்வே இல்லன்னான் சொல்லும் அவன் பேரச் சொல்லும்!”

“யாரும் இல்லங்கல. நான் கேக்கத்தான் வந்தேன். எதை வச்சுத் ‘தீ’ங்கீங்க?”

“இந்த வெள்ளை வரியப் பாரும்வே. எப்படி நெளிஞ்சு ஓடுது? உருகாம ஓடுமா? பாகு ஊத்தினா ஓடுமே, அந்தக் கணக்கா இல்ல?”

பூதலிங்கம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். வெள்ளை வரியில் மணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நின்றன. உருகி, பிறகு ஆறியது. மாசாணம் சொன்னது சரி. அதுதான் எரிச்சலாக இருந்தது.

“எங்க வீட்ல ரெண்டு தினுசு உண்டுவே” என்றார் மாசாணம். “நான் பொசுக்குன்னு வெளிய வந்து பொசுக்குன்னு ஆறிருவேன். உடைச்சுப் பாத்தா மணியே தெரியாது, அம்புட்டுப் பொடி. இந்தா உக்காந்திருக்கானே கோயில்பிள்ளை, இவன் உள்ளுக்குள்ளயே கிடந்து ஆறுற தினுசு. ரேஷன் கடை வரிசையில ஒருத்தன் இவனை முந்திட்டான். எந்த வருஷம்டே?”

மூலையில் இருந்த கோயில்பிள்ளை வாயைத் திறந்தார். வார்த்தை வருகிற வழியெல்லாம் நின்று நின்று வந்தது.

“தொண்ணூத்து… எட்டு.”

“ஆறிட்டா?”

“இன்னும்… கொஞ்சம்… சூடு இருக்கு.”

“பாத்தீரா? இவன் ஆறி முடிக்கையில மணி ஒவ்வொண்ணும் மொச்சைக்கொட்டை தண்டி இருக்கும்!”

பூதலிங்கம் தலையாட்டினார். பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது. மெல்ல ஆறினால் பெரிய மணி. சட்டென்று ஆறினால் சின்ன மணி.

தீயைக் கழிக்க முடியவில்லை.

*

தண்ணி வீட்டில் அணைஞ்சபெருமாள் கல்யாணப் பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு வந்த பத்திரிகை ஒன்றைக்கூட இதுவரை எறிந்ததில்லை. மேலே போன வாரம் வந்தது. அடியில் 1979.

“ஐயா, இது உங்க வீட்டுக் கல்லா?”

“வாங்க. வந்தீங்க. சந்தோஷம். மேல வந்தா மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினா தண்ணி குடிக்கணும். தண்ணி குடிச்சா உக்காரணும். உக்காந்தா பேசணும். என்ன கேட்டீங்க?”

“கல்லு.”

“கல்லு. சரி. கல்லுல வரி. வரின்னா அடுக்கு. அடுக்குன்னா ஒண்ணு மேல ஒண்ணு. ஒண்ணு மேல ஒண்ணுன்னா, அடியில உள்ளது மூத்தது. இந்தப் பத்திரிகைக் கட்டு மாதிரி. மேல உள்ளதக் கலைக்காம அடியில உள்ளத உருவ முடியாது. உருவினா என்ன ஆகும்? கல்யாணத்துக்கு முந்தி வளைகாப்பு வந்துரும். எங்க வீட்டுக் கல்லுதான்.”

பூதலிங்கத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. தப்பு. பட்டென்று கழித்துவிடலாம்.

“ஐயா, வரி எல்லாம் அடுக்கு ஆகாது. ஒரு கல்லைப் பலமா நெருக்கினாலும் வரி விழும். இந்த வரிக்கும் தண்ணிக்கும் சம்பந்தமே…”

பேச்சு நின்றது.

கட்டைவிரலுக்கு அடியில் சிவப்பு மணிகள்.

இந்த மலையில் இவ்வளவு மணி எங்கே பூக்கும்? கடலடிச் சேறு படிந்து, அதன்மேல் சேறு படிந்து, புதைந்து, வெந்த இடத்தில் பூக்கும். அவரே எழுதிய குறிப்பு. பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. மூன்று பதிப்பு.

“சம்பந்தம்?” என்றார் அணைஞ்சபெருமாள், பத்திரிகை ஒன்றைத் தட்டிச் சரிசெய்தபடி.

“இருக்குங்க.”

“இருக்கும். அவசரப்படாதீங்க. அதுவும் படியும்.”

*

நெருக்கு வீட்டு வாசலில் ரெஜினா நின்றாள். குறுக்கே நின்றாள்.

“முன்னால நான் ஆளு வந்தா உள்ள ஓடிருவேன் சார். இப்ப இல்ல. என்ன வேணும்?”

“இந்தக் கல்லு உங்களதான்னு கேக்க…”

“முன்னால நான் சுண்ணாம்புக் கல்லு மாதிரி இருப்பேன். தொட்டா ஒட்டும், தேய்ச்சா கொட்டும். மாமியார் வீட்ல பதினாறு வருஷம். மேல இருந்து அமுக்கு, கீழ இருந்து சூடு. உருகிரலாமான்னு தோணும். உருகல. இப்பப் பாருங்க.” கையை நீட்டிக் காட்டினாள். “பளிங்கு.”

“சரிம்மா. கல்லு?”

அவள் கல்லைப் பார்த்தாள். கறுப்பு வரியை நகத்தால் தொட்டாள்.

“எங்க வீடுதான் சார். எம்புட்டு நெருக்கியிருந்தா எல்லா மணியும் இப்படி ஒரே பக்கம் பாத்துப் படுக்கும்? பாவம்.”

“அப்ப உள்ள விடுங்க.”

“பேச்சித்தாயி சொல்லட்டும்.”

உள்ளே யாரோ சொளகில் புடைத்துக்கொண்டிருந்தார்கள். சர், சர், தட். சர், சர், தட்.

உலகம்மாள் புடைக்கிற சத்தம்தான் என்று பூதலிங்கத்துக்குத் தோன்றியது. உடனே இன்னொன்றும் தோன்றியது. உலகம்மாள் எப்படிப் புடைப்பாள் என்பது அவருக்குத் தெரியாது. முப்பத்தொரு வருஷம் ஒரே வீடு. அரிசியில் கல் இருந்ததில்லை. அவ்வளவுதான் தெரியும்.

“உள்ள யாரும்மா புடைக்கிறது?”

“முன்னால கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றாள் ரெஜினா.

திரும்பும்போதுதான் அவர் அதைப் பார்த்தார். வாசல் ஓரத்தில் வரிசையாகக் கற்கள். இந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் கொண்டுவந்த கல்.

குனிந்தார். கறுப்பு வரி, வெள்ளை வரி, சிவப்பு மணி.

தண்ணி வீட்டுக்கு ஓடினார். வரிசையாகக் கற்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு.

தீ வீட்டுக்கு ஓடினார்.

“ஏ என்னவே மறுபடியும்!”

கறுப்பு. வெள்ளை. சிவப்பு.

*

“ஒரே கல்லு தாயி!”

மூச்சு வாங்கியது. கண்ணாடி மூக்கு நுனியில் தொங்கியது.

“மூணு வீட்லயும் ஒரே கல்லு. ஒரே மலை, ஒரே பாறை. ஒருத்தருக்குத் தீங்கீங்க, ஒருத்தருக்குத் தண்ணிங்கீங்க. இது எந்தப் புத்தகத்துல இருக்கு? சரி, விடுங்க. என் கல்லைக் கேட்டா மூணு வீடும் எங்களதுங்கிறாங்க. மூணு பேரும் சொல்றது சரி! எப்படி மூணும் சரியா இருக்கும்? ஒண்ணு சரின்னா ரெண்டு தப்புதானே? நான் முப்பத்து மூணு வருஷம்…”

டொக்.

“நான் கல்லையா பாத்தேன்?” என்றாள் பேச்சி.

பூதலிங்கம் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டார்.

“கல்லைப் பாக்கலன்னா பின்ன எதை?”

பேச்சி உளியைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

ஓ. ஆளைப் பார்க்கிறாள்.

பூதலிங்கம் சட்டைக் காலரைச் சரிசெய்தார். நெருக்கப்பட்டவர் மாதிரி நின்று பார்த்தார். அது எப்படி என்று தெரியவில்லை. தோளைக் கொஞ்சம் குறுக்கினார்.

பேச்சி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். உளியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

“உங்களுக்கு வார்த்தை இல்ல வாத்தியாரே.”

“இல்லன்னா?”

“மழை இருட்டுது. படி வழுக்கும். இப்பவே இறங்கிருங்க.”

“தாயி!” வகுப்புக் குரலும் இல்லை, எரிச்சல் குரலும் இல்லை. “ஏழு மாசம் ஆச்சு. அவ ஏன் போனான்னே எனக்குத் தெரியல. யார் யாரையோ உள்ள விடுறீங்க. எனக்கு மட்டும் ஏன் இல்ல?”

“எல்லாரும் கல்லக் கொடுத்துட்டு என் வாயப் பாப்பாங்க” என்றாள் பேச்சி. “நீங்க கொடுக்கையிலயே பேரையும் சேத்துக் கொடுத்தீங்க. ரெண்டு தடவையும். பொறவு எனக்கு என்ன சோலி?”

டொக்.

அன்றைக்கு அவள் வார்த்தை தீர்ந்துவிட்டது.

*

இறங்கும் படிக்குப் போக நெருக்கு வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பூதலிங்கம் தாண்டவில்லை. வாசலுக்கு வெளியே, மிதிக்காமல் நின்றார். கையில் கல். அதைப் போட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

சர், சர், தட்.

சர், சர்.

நின்றது.

“என்ன கல்லு அது?”

உலகம்மாள் குரல். உள்ளேயிருந்து. ஏழு மாசத்துக்கு அப்புறம் அவர் காதில் விழுந்த முதல் பேச்சு.

பூதலிங்கம் தொண்டையைச் செருமினார். முதுகு நிமிர்ந்தது. கல்லை உயர்த்திப் பிடித்தார்.

“இது வந்து…”

கட்டைவிரலால் ஒரு வரியைத் தடவினார்.

“இது முதல்ல சேறு. கடலுக்கடியில. யாரும் பாக்காம படிஞ்சது. அது மேல வேற வேற வந்து விழுந்து, புதைஞ்சு போச்சு. அப்புறம் நெருக்கு. சூடு. அதுல மாறிச்சு. ஆனா அதோட நிக்கல. ஒரு பாதி தாங்க முடியாம உருகிருச்சு. உருகினது மறுபடியும் ஆறிச்சு. ஆறினதும் உருகாததும் இப்படி ஒண்ணுக்குள்ள ஒண்ணு… அதனால இது…”

அதனால இது.

எத்தனையோ ஆயிரம் தடவை அந்த இடத்துக்கு அப்புறம் ஒரு பெயர் வந்திருக்கிறது. பெயருக்கு அப்புறம் ‘எழுதிக்கொள்ளுங்கள்’ வந்திருக்கிறது.

அவர் காத்திருந்தார். வரவில்லை.

கல்லைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். ரெஜினா எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் அம்மி கொத்துகிற சத்தமும் இல்லை.

“நீ என்ன நினைக்கிற?”

கேட்டது யார் என்று பூதலிங்கமே திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

உள்ளே சொளகைத் தரையில் வைக்கிற சத்தம்.

உலகம்மாள் வாசலுக்கு வந்தாள். முழங்கை வரை தவிடு. கையை முந்தானையில் துடைத்தாள். வாசலைத் தாண்டி வெளியே வந்தாள். அவர் கையிலிருந்து கல்லை வாங்கினாள். திருப்பினாள். மறுபக்கம் திருப்பினாள்.

அவர் உதவிக்கு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கப் போனார். கொடுக்கவில்லை.

உலகம்மாள் வெளிப்படியில் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள்.

“சொல்லுதேன்” என்றாள். “உக்காருங்க. நேரமாவும்.”